சின்னப் பிள்ளைகளோடு வெனிஸ்

வெனிஸ் நகருக்குள் கார் கிடையாது, பைக் கிடையாது, சைக்கிள் ஓட்டவும் தடை. ரோமிலும் பாரிஸிலும் ஒவ்வொரு தெருமுனையிலும் பிள்ளையின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அந்தக் கவலை இல்லை. ஆனால் தண்ணீர் இருக்கிறது. பல கால்வாய்க் கரைகளில் கம்பியும் இல்லை, கைப்பிடிச் சுவரும் இல்லை. அதனால்தான் இந்த அத்தியாயத்தில் எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால் எப்படி நடப்பது என்பது வருகிறது.

மூன்று வயதிலிருந்து ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். காலையில் ஒரு பெரிய இடம், மதியம் அறையில் ஓய்வு, மாலையில் ஒரு சதுக்கம்: திட்டம் இவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு நாளில் எதையும் திணிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு வெனிஸில் மிகவும் பிடிக்கிற சங்கதிகள் பெரும்பாலும் தெருவிலேயே, காசில்லாமல், அவர்கள் கண்மட்டத்தில் இருக்கின்றன. அரண்மனைக் கூரை ஓவியங்கள் நம் ஆசை. அதற்காக ஐந்து வயதுப் பிள்ளையை நாலு மணி நேரம் இழுத்தடிப்பது நியாயமில்லை.

## கிளம்புவதற்கு முன்

ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் பாதி ஆகியவை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் கல் தரை தகிக்கும், கொசுவும் கூட்டமும் அதிகம். நவம்பர், டிசம்பரில் கடல் மட்டம் ஏறித் தெருவுக்குள் தண்ணீர் வரலாம்.

தீவு நகருக்குள்ளேயே தங்குங்கள். ரயிலில் பத்து நிமிடத் தொலைவில் நிலப்பகுதியில் இருக்கும் மெஸ்த்ரேயில் வாடகை குறைவுதான். ஆனால் அங்கே தங்கினால் மதியம் பிள்ளையைத் தூங்கவைக்க அறைக்குத் திரும்ப முடியாது, மேலே சொன்ன திட்டமே குலைந்துவிடும். கையில் காசு குறைவு என்றால் நாட்களைக் குறைத்துக்கொண்டு உள்ளே தங்குவதே மேல். கன்னரேஜோவும் கிழக்குக் காஸ்தெல்லோவும் குடும்பங்களுக்கு ஏற்ற பகுதிகள். கன்னரேஜோவில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே சாவோர்ஞான் பூங்கா இருக்கிறது. மர நிழலும் பிள்ளைகள் விளையாடும் இடமும் அங்கே உண்டு.

அறைக்குப் பணம் கட்டும் முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை:

1. படகு நிறுத்தத்திலிருந்து வீடுவரை எத்தனை பாலம்? இரண்டுக்கு மேல் என்றால் வேறு வீடு பாருங்கள். ஒவ்வொரு பாலத்திலும் பெட்டியைத் தூக்க வேண்டும்.
2. எத்தனையாவது மாடி? லிஃப்ட் உண்டா? பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது.
3. சன்னல் கால்வாயைப் பார்த்து இருக்கிறதா? இருந்தால் அதன் அடிச்சுவர் எவ்வளவு உயரம், பூட்டும் வசதி உண்டா? விளம்பரப் படத்தில் அழகாகத் தெரிகிற அந்தச் சன்னல்தான் நாலு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் முதலில் கவனிக்க வேண்டிய இடம்.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். 2024 முதல், குறிப்பிட்ட சில நாட்களில் பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் நகராட்சி நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. நகருக்குள் இரவு தங்குகிறவர்களும் கட்ட வேண்டாம். ஆனால் அந்த விலக்கை நகராட்சியின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவுசெய்து கைபேசியில் வைத்திருக்க வேண்டும்.

## தள்ளுவண்டி வேண்டுமா?

நகரில் 400-க்கும் மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. சிலவற்றில்தான் சரிவுப் பாதை, மற்றவை எல்லாம் படிக்கட்டு. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் மார்போடு கட்டிக்கொள்ளும் பையே போதும். அதற்கு மேல், ஒரு கையால் மடக்கக்கூடிய இலேசான வண்டி. பெரிய சக்கரம் வைத்த கனத்த வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வண்டியோடு பாலம் ஏற: பிள்ளையின் வாரைப் பூட்டுங்கள், ஒருவர் முன்பக்கச் சட்டத்தையும் மற்றவர் கைப்பிடியையும் பிடித்து ஒரே சமயத்தில் தூக்குங்கள். கூட ஆள் இல்லை என்றால் பிள்ளையை இறக்கி, வண்டியை மடக்கி, ஒரு கையில் வண்டியும் மறு கையில் பிள்ளையுமாக ஏறுங்கள். பிள்ளை உட்கார்ந்திருக்கும் வண்டியைத் தனி ஆளாகப் படிப்படியாக உருட்டி இறக்க வேண்டாம். மழைநாளில் அந்தக் கல் வழுக்கும்.

## வந்து இறங்கும் நாள்

1. மார்கோ போலோ விமான நிலையத்திலிருந்து பேருந்தில் பியாட்சாலே ரோமாவுக்கு வாருங்கள். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆகும். விமான நிலையத்திலிருந்து சான் மார்கோவுக்குப் படகும் உண்டு, ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். விமானத்தில் களைத்த பிள்ளைக்கு அது அதிகம்.
2. அங்கேயே படகு பாஸ் வாங்குங்கள். ஊர்ப் பேருந்தின் வேலையைச் செய்யும் இந்தப் படகுக்கு வப்பொரெட்டோ என்று பெயர். 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ. அதனால் 48 மணி அல்லது 72 மணி நேர பாஸ்தான் கட்டுப்படியாகும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.
3. 1-ஆம் எண் படகில் ஏறுங்கள். பெருங்கால்வாய் நெடுக ஒவ்வொரு நிறுத்தமாக நின்று போகும். சான் மார்கோவரை சுமார் முக்கால் மணி நேரம். ஆம்புலன்ஸ் படகு, குப்பைப் படகு, சரக்குப் படகு என்று எல்லாம் எதிரே வரும். பிள்ளைக்கு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்.
4. பால், தயிர், பழம், ரொட்டி வாங்கி அறையில் வையுங்கள். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

## படகில் ஏறும் முறை

நிறுத்தம் என்பது தண்ணீரில் மிதக்கும் மேடை, காலடியில் அசையும். ஒரே நிறுத்தத்தில் இரண்டு திசைப் படகுகளும் வந்து நிற்கலாம். பலகையில் எண்ணை மட்டும் பார்க்காமல் கடைசி நிறுத்தத்தின் பெயரையும் பாருங்கள்.

1. மேடைக்குள் நுழையும்போதே பாஸை இயந்திரத்தில் காட்டிவிடுங்கள். பாஸ் கையில் இருந்தும் காட்டாமல் ஏறினால் அபராதம் உண்டு.
2. முதுகுப் பையைக் கழற்றிக் கையில் அல்லது மார்புப் பக்கம் பிடியுங்கள். நெரிசலில் பிக்பாக்கெட் நடப்பது படகிலும் அதன் வாசலிலும்தான்.
3. பணியாள் கயிற்றைக் கட்டிக் கம்பிக்கதவைத் திறக்கும்வரை நில்லுங்கள். இறங்குகிறவர்கள் எல்லாரும் இறங்கட்டும்.
4. முதலில் ஒரு பெரியவர், நடுவில் பிள்ளை, பின்னால் அடுத்த பெரியவர். இடைவெளியைப் பிள்ளை தாண்டும்போது கையைப் பிடிப்பதைவிட முழங்கைக்கு மேலே பிடியுங்கள், நழுவாது.
5. உள்ளே போனதும் பிள்ளையின் கை படகின் விளிம்புக்கு வெளியே நீளக் கூடாது. படகு மேடையில் வந்து முட்டும் இடத்தில் விரல் இருந்தால் நசுங்கிவிடும்.

## தண்ணீர் ஓரத்தில் ஐந்து விதிகள்

இவற்றை முதல் நாள் காலையில், அறைக்குள்ளேயே, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். கால்வாய் ஓரத்துக்கு வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.

1. சுவர்ப் பக்கம். கால்வாய் ஓரமாக நடக்கும்போது பெரியவர் தண்ணீர்ப் பக்கம், பிள்ளை சுவர்ப் பக்கம். “சுவர்ப் பக்கம்!” என்று குரல் கொடுத்தால் உடனே இடம் மாற வேண்டும். இதை ஒரு விளையாட்டாக அறை வராந்தாவில் பழக்கிவிடலாம்.
2. சந்து முனையில் நிற்கணும். வெனிஸின் குறுகிய சந்துகள் சில நேராகப் போய்த் தண்ணீரில் முடிகின்றன. தடுப்பும் இருக்காது, பலகையும் இருக்காது. முன்னால் ஓடுகிற பிள்ளை ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும்.
3. பச்சைப் படியில் கால் வைக்கக் கூடாது. கரையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் கற்படிகளைப் பாருங்கள். மேல் படி வெளுப்பாக, காய்ந்து இருக்கும். அதற்குக் கீழே, நீர் ஏறி இறங்கும் மட்டத்தில், படி முழுக்கப் பாசி. வெயிலில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் செருப்பு வைத்ததும் வழுக்கும். “வெள்ளைப் படியில் நிக்கலாம், பச்சைப் படியில் நிக்கக் கூடாது” என்று சொன்னால் மூன்று வயதுக்கும் புரியும். கால் நனைக்கவும் இறங்க வேண்டாம். கால்வாயில் குளிப்பதும் நீந்துவதும் தடை.
4. படம் எடுக்கும்போது பின்னால் நகரக் கூடாது. கைபேசியை நீட்டி “இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லு” என்று சொல்லும் அந்த நிமிடம்தான் ஆபத்து. பிள்ளையைப் பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவருக்கு உள்ளே நிறுத்தி எடுங்கள்.
5. இருட்டிய பின் கையை விடக் கூடாது. விளக்கு குறைவான சந்துகளில் தரை எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பது பெரியவர்களுக்கே சட்டென்று தெரியாது.

ஓடியாடி அடங்காத பிள்ளை என்றால் முதுகில் மாட்டும் வாரைக் கொண்டுபோங்கள். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

## முதல் முழு நாள்: ரியால்டோவிலிருந்து ஸாத்தெரே வரை

இந்த நடைக்கு ஒரு முழு முற்பகல் போதும். செவ்வாய் முதல் சனிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறும் திங்களும் மீன் சந்தை இயங்காது. பிள்ளையின் பென்சில் டப்பாவிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ரியால்டோ மீன் சந்தை. ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பனிக்கட்டி மேல் பரப்பிய கணவாய், இறால், விலாங்கு எல்லாம் பார்த்த பிறகு, சுவரில் பதித்த கல்வெட்டைத் தேடச் சொல்லுங்கள். எந்த மீன் எத்தனை சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் விற்கக் கூடாது என்று பழைய காலத்தில் வெட்டிவைத்த பட்டியல் அது. மத்திக்கு 7, சிப்பிக்கு 5, விலாங்குக்கு 25. ஸ்கேலை வைத்து “உன் உள்ளங்கை விற்கலாமா, கூடாதா?” என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நகரம் தன் கடலை எப்படிக் காத்தது என்பதை இதைவிட எளிதாக ஒரு பிள்ளைக்குச் சொல்ல முடியாது.

2. காம்போ சான் போலோ. வெனிஸில் சதுக்கத்துக்கு காம்போ என்று பெயர். இது பெரியது, கால்வாய் ஒட்டாதது. பிள்ளையை அவிழ்த்துவிடலாம். இங்கும் மற்ற காம்போக்களிலும் கல் கிணறுகள் இருக்கின்றன. கிணற்றைச் சுற்றித் தரையில் துளையிட்ட கற்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். மழைநீர் அந்தத் துளை வழியாக இறங்கி, அடியில் நிரப்பிய மணலில் வடிந்து, நடுவில் உள்ள கிணற்றில் சேரும். சுற்றிலும் உப்புத் தண்ணீர் உள்ள ஊர், 1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய் நீர் வரும்வரை இப்படித்தான் குடித்தது.

3. ஃப்ராரி தேவாலயம். பிள்ளை தோளில் தூங்கிவிட்டால் மட்டும் டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள். திஷியனின் பெரிய பீட ஓவியம் இருக்கிறது. விழித்திருந்தால் கடந்து போய்விடுங்கள்.

4. சான்தா மார்கரித்தா. சதுக்கத்தில் தனியாக நிற்கும் சின்னக் கட்டடத்தின் சுவரில் அதே மீன் பட்டியல் இன்னொன்று உண்டு. பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். நொறுக்குத்தீனிக்கும் கழிப்பறைக்கும் இங்கே நிற்கலாம்.

5. முஷ்டிப் பாலம். சான் பர்னபா சதுக்கத்துக்கு முன் வரும் இந்தப் பாலத்தின் உச்சியில் நான்கு மூலையிலும் வெள்ளைக் கல்லில் பாதச் சுவடு பதித்திருக்கும். காஸ்தெல்லானி, நிக்கொலோத்தி என்று நகரின் இரண்டு கோஷ்டிகள் இங்கே குத்துச்சண்டை போட்டன. அன்று கைப்பிடிச் சுவர் இல்லை, தோற்றவர் தண்ணீரில் விழுவார். 1705-இல் தடைசெய்தார்கள். பிள்ளை சுவட்டில் கால் வைத்து நிற்கட்டும், தள்ளுமுள்ளு மட்டும் வேண்டாம். பாலத்தடியில் காய்கறி விற்கும் படகு நிற்கும். அங்கே பழம் வாங்கிக்கொள்ளுங்கள்.

6. சான் த்ரோவாசோ படகுப் பட்டறை. எதிர்க்கரையிலிருந்து பார்க்க வேண்டும். கொண்டோலாக்களைக் கரையேற்றிக் கவிழ்த்துப் பழுதுபார்ப்பார்கள். “படகு கோணலா இருக்கே!” என்று பிள்ளை சொன்னால் பாராட்டுங்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறது. ஒற்றைத் துடுப்பு வலப்பக்கம் போடுவதால் படகு சுற்றிவிடாமல் இருக்க, இடப்பக்கத்தை 24 சென்டிமீட்டர் அகலமாகச் செய்கிறார்கள். எச்சரிக்கை: நீங்கள் நிற்கும் கரையில் தடுப்பு இல்லை, விதி 1.

7. ஸாத்தெரே. அகலமான கரை, ஐஸ்கிரீம். இங்கிருந்து படகில் அறைக்குத் திரும்புங்கள். மதியத் தூக்கத்தைத் தவறவிட வேண்டாம்.

## சான் மார்கோ: அரை நாள், அதுவும் காலையில்

பத்து மணிக்கு மேல் கூட்டம் பெருகிவிடும். எட்டரைக்கு அங்கே இருங்கள்.

தேவாலயத்தின் இடப்பக்கச் சின்னச் சதுக்கத்தில் இரண்டு சிவப்புப் பளிங்குச் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. 1722-இல் வைத்தவை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து அவற்றின் முதுகு மெருகேறிக் கிடக்கிறது. அங்கிருந்து தொடங்கி, இறக்கை வைத்த சிங்கங்களை எண்ணச் சொல்லுங்கள். நகரின் காவலரான புனித மாற்குவின் சின்னம் அது. கொடிக்கம்பம், தூண், கதவு, சுவர் என்று எங்கும் இருக்கும். மணிக்கூண்டின் உச்சியில் இரண்டு வெண்கல ஆட்கள் சுத்தியலால் மணியடிப்பார்கள். மணி ஆவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கீழே வந்து நில்லுங்கள்.

மணிக்கோபுரம் 98.6 மீட்டர் உயரம், மேலே போக லிஃப்ட் உண்டு. 1902 ஜூலை 14 அன்று இந்தக் கோபுரம் அப்படியே சரிந்து விழுந்தது, ஆட்கள் யாரும் சாகவில்லை. அதே இடத்தில் அதே வடிவில் கட்டி 1912-இல் திறந்தார்கள். மணிகள் தலைக்கு நேர்மேலே இருக்கின்றன. கைக்குழந்தை இருந்தால் மணியடிக்கும் நேரத்தில் மேலே இருக்க வேண்டாம்.

தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. முழுவதையும் பார்ப்பதைவிட, மாடியில் உள்ள நான்கு வெண்கலக் குதிரைகளை மட்டும் பார்க்கலாம். 1204-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலிருந்து வெனிஸ் அள்ளி வந்தவை. 1797-இல் நெப்போலியன் பாரிசுக்குக் கொண்டுபோனான், 1815-இல் திரும்பி வந்தன. இப்போது வெளியே நிற்பவை நகல்கள், அசல் உள்ளே. மாடிப்படி செங்குத்தானது.

வெனிஸின் பழைய ஆட்சித்தலைவரான டோஜின் அரண்மனை ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் பொருந்தும். சிறைக்கூடங்கள், ஆயுத அறை, ரகசியப் புகார் போடும் கல்முகத் துளை ஆகிய மூன்றையும் குறிவைத்துப் போங்கள்.

குறிப்பு: சதுக்கத்தில் புறாவுக்குத் தீனி போட்டால் அபராதம். படிகளில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. கடற்புறாக்கள் பிள்ளையின் கையிலிருந்தே ரொட்டியைப் பறித்துக்கொண்டு போகும்.

## சாப்பாடும் மற்றதும்

பிட்ஸா, தக்காளி பாஸ்தா எங்கும் கிடைக்கும். சைவக்காரர்கள் ரிசோத்தோ சோற்றில் இறைச்சி அல்லது மீன் வடிசாறு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கறுப்பு பாஸ்தா கணவாய் மையில் செய்தது. உணவகங்கள் இரவில் ஏழு மணிக்குத்தான் திறக்கும், சின்னப் பிள்ளைக்கு அது தாமதம். சூப்பர்மார்க்கெட்டில் வெறும் தயிரும் அரிசியும் கிடைக்கின்றன, அறையில் அடுப்பு இருந்தால் தயிர்சோறு பிசைந்துவிடலாம். தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லது. பொதுக் கழிப்பறைக்கு 1.50 யூரோ, சில்லறை வைத்திருங்கள்.

## மழையும் கடலேற்றமும்

மழை பெய்தால் பெருங்கால்வாய்க் கரையில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போங்கள். நைஜர் பாலைவனத்திலிருந்து கொண்டுவந்த ஊரானோசாரஸ் டைனோசர் எலும்புக்கூடு இருக்கிறது.

கடல் ஏறும் நாட்களில் சைரன் ஒலிக்கும். 2020 அக்டோபர் முதல் மோசே என்னும் கடல் தடுப்புக் கதவுகள் பெரிய வெள்ளங்களைத் தடுக்கின்றன. ஆனாலும் மிகத் தாழ்வான சான் மார்கோவில் கணுக்கால் அளவு தண்ணீர் வரலாம். பிள்ளைகள் ரப்பர் பூட்ஸ் போட்டுக் குதிக்க ஆசைப்படுவார்கள். நடுச்சதுக்கத்தில் பரவாயில்லை, கால்வாய் ஓரத் தெருவில் ஒருக்காலும் விடாதீர்கள். தெருவும் கால்வாயும் ஒரே மட்டத்தில் தெரியும்போது விளிம்பு எங்கே என்று கண்ணுக்குப் புலப்படாது.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

மூன்று தீவு, ஒரே நாள். மூரானோ, புரானோ, தொர்செல்லோ என்று ஒரே நாளில் சுற்றினால் பாதி நேரம் படகு வரிசையில் போகும். வண்ண வீடுகள் உள்ள புரானோ ஒன்று போதும்.

விலை விசாரிக்காமல் கொண்டோலா. பகலில் அரை மணிக்கு 90 யூரோ, மாலைக்குப் பின் 110. ஆள் கணக்கு கிடையாது, படகுக்கு விலை. அவ்வளவு வேண்டாம் என்றால் சான்தா சோஃபியாவிலிருந்து ரியால்டோ சந்தைக்குப் பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்கும் த்ரகெத்தோவில் போகலாம், தலைக்கு 2 யூரோ. உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே போவார்கள், நீங்கள் பிள்ளையோடு உட்காருங்கள்.

வரைபடத்தை நம்பி விரைதல். உயர்ந்த சுவர்களுக்கு நடுவில் கைபேசி இடத்தைத் தவறாகக் காட்டும். சுவர்களில் ரியால்டோ, சான் மார்கோ, ரயில் நிலையம் என்று அம்புக்குறியோடு மஞ்சள் பலகைகள் இருக்கின்றன. அவற்றைத் தேடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

## பிள்ளை கூட்டத்தில் பிரிந்துவிட்டால்

தினமும் காலையில் பிள்ளையின் முன்கையில் உங்கள் கைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு அழியாத மையில் எழுதுங்கள். அன்றைய உடையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்று பிள்ளைக்கு ஒரே ஒரு கட்டளை போதும்: “அப்பா அம்மாவைக் காணோம்னா தேடிப் போகாதே. நின்ன இடத்திலேயே சுவரை ஒட்டி நில்லு, எங்களைக் கூப்பிடு.”

உங்களுக்கு:

1. ஒருவர் கடைசியாகப் பிள்ளையைப் பார்த்த இடத்திலேயே நிற்க வேண்டும். மற்றவர் முதலில் தண்ணீர் இருக்கும் பக்கம் போக வேண்டும்.
2. பிள்ளையின் பெயரை உரக்கக் கூப்பிடுங்கள். இந்த ஊரில் வண்டிச் சத்தம் இல்லாததால் குரல் தூரம் போகும்.
3. பக்கத்துக் கடைக்காரரிடம் காலையில் எடுத்த படத்தைக் காட்டுங்கள்.
4. உடனே கிடைக்கவில்லை என்றால் 112-ஐ அழையுங்கள். காம்போவின் பெயரும் தெருவின் பெயரும் சொல்ல வேண்டும். இங்கே வீட்டு எண்கள் பகுதி முழுக்க ஒரே வரிசையாக ஆயிரக்கணக்கில் போகும், எண்ணை மட்டும் சொன்னால் இடம் கண்டுபிடிப்பது கடினம்.

காயம், காய்ச்சல் என்றால் நகருக்குள்ளேயே சான்தி ஜோவான்னி எ பாவோலோ சதுக்கத்தில் பொது மருத்துவமனை இருக்கிறது. படகில் போனால் வடகரையில் ஒஸ்பெதாலே நிறுத்தத்தில் இறங்க வேண்டும். மருத்துவ அவசரத்துக்கு 118, ஆம்புலன்ஸ் படகு வரும். பிள்ளையின் பாஸ்போர்ட் நகலும் காப்பீட்டுத் தாளும் எப்போதும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும், அறைப் பெட்டியில் வேண்டாம்.